எட்டு போல்ட்டில் எந்த நாலு புதுசு?

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதுவது. இங்கே அப்பா சௌக்கியம், அம்மா சௌக்கியம், நானும் அப்படியே. நீங்கள் கொடுத்த கார் மட்டும் மூன்று வாரமாக இரண்டு முன்சக்கரங்களும் இல்லாமல் வாசலில் இரும்புத் தாங்கிகளின் மேல் நிற்கிறது. அதுவும் சௌக்கியமாகத்தான் இருக்கிறது என்கிறார் அப்பா. உங்கள் கண்ணுக்குக் கட்டுப் பிரித்தாயிற்றா, இந்த எழுத்து தெரிகிறதா என்று எழுதுங்கள். தெரியவில்லை என்றால் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம். இதில் குடும்ப மானம் சம்பந்தப்பட்ட பகுதிகள் உண்டு.

போனில் சொல்ல வேண்டியதை ஏன் கடிதமாக எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' போடுவேன், நடுவில் அம்மா 'யாரு, அண்ணியா? குடு குடு' என்று வாங்கிக்கொள்வாள், அப்பா அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்வார், கடைசியில் போன் என் கைக்குத் திரும்பி வரும்போது அதில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆகையால் பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் காரைப் பிரித்து இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டதாக உங்கள் காதுக்கு யாரோ சொன்னார்களாம். அது பொய். பிரித்தது உண்மை, எடை போட்டதும் உண்மை, கடையில் போடவில்லை. நடந்தது இதுதான். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரின் ஆவணக் காப்பகத்தில் எனக்கு வேலை கிடைத்ததும், 'பஸ்ஸ நம்பாத, இந்தக் கார ஓட்டிக்கிட்டுப் போ, வாசல்ல நிறுத்தி வச்சு அழகு பாக்காத' என்று சொல்லி நீங்கள் சாவியைக் கொடுத்தீர்கள். கொடுக்கும்போது அப்பாவிடம் இன்னொன்றும் சொன்னீர்கள்: 'இதுல எதையும் மாத்த வேண்டாம்டா. நல்லாத்தானே இருக்கு.' அத்தை, அந்தக் கடைசி இரண்டு சொற்கள்தான் இத்தனைக்கும் காரணம். உங்கள் மேல் பழி போடுவதாக நினைக்க வேண்டாம். போடத்தான் போகிறேன், ஆனால் மரியாதையோடு.

'நல்லாத்தானே இருக்கு' என்பது நம் குடும்பத்தின் கொள்கை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் பள்ளிக்கூடப் பையின் கொக்கி இன்று எங்கள் சமையலறை இழுப்பறைக்குக் கைப்பிடி. உடைந்த குடையின் கம்பி அடைத்துக்கொண்ட குழாயைக் குத்தப் பயன்படுகிறது. போன முறை நீங்கள் மறந்துவிட்டுப் போன கைக்கடிகார வார் என் அறையின் ஜன்னல் கதவை இழுத்துக் கட்டியிருக்கிறது. காற்றடிக்கும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்கிறேன். இந்தக் கொள்கையோடு அப்பாவின் உத்தியோகமும் சேர்ந்துகொண்டது. முப்பத்தொரு வருடம் கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தியவர் ஓய்வு பெற்றதும் குத்துவதற்கு எதுவும் இல்லாமல் வீட்டுக்குள் வந்தார். இப்போது வீட்டில் எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு சிறு சீட்டு இருக்கும்: 'சரிபார்க்கப்பட்டது', கீழே தேதி, கீழே கையெழுத்து. மருந்துப் பெட்டியில் உண்டு, சர்க்கரை டப்பாவில் உண்டு, ஒரு நாள் மழையில் குடையை விரித்தபோது தலையில் விழுந்தது. நான் ஊருக்குப் போகக் கட்டி வைத்திருக்கும் பெட்டியைக்கூடக் கொக்கித் தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்து, கைப்பிடியில் சீட்டுக் கட்டியிருக்கிறார்: 'பதினான்கு கிலோ முந்நூறு. சரிபார்க்கப்பட்டது.' நான் விமானத்தில் போகவில்லை, அத்தை. காரில் போகிறேன். போவதாக இருந்தேன்.

காரை அப்பா ஓட்டிக்கொண்டு வந்த நாலாம் நாள் பிரேக் மிதித்தால் முன்சக்கரத்தில் கரகரவென்று ஒரு சத்தம். முதலில் கேட்டவர் மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "தேய்மானம் சார். அடியில போயிடுச்சு. இதுக்கு மேல விட்டா வேரையே பாதிக்கும்" என்றார். தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்து, டிஸ்க் இரண்டும் போச்சு, பிரேக் கட்டைகளும் போச்சு, ஒரு நாள் வேலை என்றார். அப்பாவுக்கு அந்த 'ஒரு நாள்' பிடிக்கவில்லை. "ஒரு நாள்ல என்னத்தச் சரியா செய்ய முடியும்?" என்று கேட்டுவிட்டு, தானே செய்வதென்று முடிவு பண்ணினார். அவர் சொன்னபடியே ஆயிற்று. ஒரு நாளில் முடியவில்லை.

உதிரிபாகக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் டிஸ்க் இரண்டு, கட்டைகள் ஒரு செட் எடுத்து வைத்துவிட்டு, கூடவே பழுப்பு உறையில் நாலு போல்ட்டையும் வைத்தார். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிடி இருக்கிறதே, அதைச் சக்கரத்தோடு சேர்த்து நிறுத்துகிற போல்ட்கள் இவை. ஒரு சக்கரத்துக்கு இரண்டு. அவற்றின் மரையில் நீலமாக ஏதோ பூசியிருந்தது. இறுக்கும்போது பசையாகப் பிடித்துக்கொள்ளுமாம், பிறகு எந்த ஆட்டத்துக்கும் தானாகக் கழலாதாம்.

"இந்த நாலும் கட்டாயம் மாத்தணும் சார். இதெல்லாம் ஒரு தடவைக்குத்தான்."

"ஒரு தடவைக்குன்னா? இது போல்ட்டா, தீக்குச்சியா?"

"கழட்டினா மாத்தணும்னு கார் புத்தகத்துலயே போட்டிருக்கு சார்."

"புத்தகம் போட்டது யாரு?"

"கம்பெனிக்காரன்."

"போல்ட் விக்கிறது யாரு?"

"அதே கம்பெனிக்காரன்தான்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். முப்பத்தொரு வருடமாக, தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருந்த தராசுகளைக் கண்டுபிடித்தபோதெல்லாம் பார்த்த பார்வை அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் உறையை வாங்கிக்கொண்டார். வாங்குவது வேறு, போடுவது வேறு என்று வழியில் விளக்கினார்.

சனிக்கிழமை காலை காரை ஜாக்கியில் தூக்கித் தாங்கியில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார். அசையவில்லை. உதைத்தார். அசையவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பேனர் மேல் ஏறி நின்றார். அசையாமல் நின்றபடியே "எழுபத்திரண்டு கிலோ நானூறு, அப்பவும் வரலன்னா பாத்துக்க" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். கழலாத போல்ட் மேல் அந்த நிமிடமே அவருக்கு மதிப்பு வந்துவிட்டது, அத்தை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். மாடியிலிருந்து டாக்டர், "சார், ஒரேயடியா இழுக்காதீங்க, ஆட்டி ஆட்டி எடுங்க! முறிஞ்சா வேர் உள்ளயே தங்கிடும்" என்று கத்தினார். ஸ்பேனரின் கை நீளம் போதாது, ஒரு குழாய் மாட்டினால் நெம்பிவிடலாம் என்று அப்பா வீட்டுக்குள் போனார். எங்கள் வீட்டில் குழாய் வடிவத்தில் இருக்கும் ஒரே இரும்பு கூடத்தில் திரைச்சீலை தொங்கும் கம்பிதான். அம்மா "ஏங்க, ஏங்க" என்று பின்னாலேயே ஓடி வந்தாள். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போனது மறுநாள்தான் வெளியே வந்தது. போல்ட் கழன்றுவிட்டது, கம்பி வில்லாக வளைந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் கூடத்துக்குத் திரைச்சீலை கிடையாது. தெருவில் போகிறவர்கள் நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்து, என்ன சாப்பாடு என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

நாலு போல்ட்டையும் எடுத்த பிறகு அப்பா அவற்றை ஜாம் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப் போட்டு, கம்பித் தூரிகையால் ஒரு முழுச் சாயங்காலம் தேய்த்தார். இருபத்தொரு வருட அழுக்கு போய், நாலும் பளபளவென்று ஆகிவிட்டன. அவற்றில் ஒன்றை விரல் நுனியில் பிடித்து வெளிச்சத்தில் சுழற்றிக்கொண்டே உணவு மேசைக்கு வந்தார். பிறகு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"பாரு. மரை ஒண்ணுகூடத் தேயல. இத எதுக்கு மாத்தணும்? நல்லாத்தானே இருக்கு."

"அப்ப வாங்கிட்டு வந்தது?" என்றாள் அம்மா.

"அது இருக்கட்டும்."

"எதுக்கு இருக்கட்டும்? அடுத்த காருக்கா?"

"அக்கா இருபத்தொரு வருஷம் இதே போல்ட்லதான் ஓட்டினா. ஒரு நாள் கழண்டுச்சா?"

"உங்க அக்கா ஒரு நாளும் கழட்டலயே."

அப்பா வேறு பக்கத்திலிருந்து வந்தார். "ஒருத்தன் இருபத்தொரு வருஷம் ஒழுங்கா வேலை பாக்குறான். ஒரே ஒரு நாள் வெளியில போய்ட்டுத் திரும்பி வர்றான். உன் இடத்துல வேற ஆள் போட்டாச்சு, நீ கிளம்புன்னா, அது நியாயமா?"

"ரிட்டயர் ஆன மனுஷன் போல்ட்டுக்கு வக்காலத்து வாங்குறத இப்பதான் பாக்குறேன்" என்றாள் அம்மா. "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாதுன்னு சொல்லுவாங்க."

"நான் என்ன அச்சாணி இல்லாமலா ஓட்டச் சொல்றேன்? இருக்கிற அச்சாணிய எதுக்குப் பிடுங்கி எறியணும்னு கேக்குறேன்."

யார் சொல்வது சரி என்று என்னைக் கேட்டார்கள். நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, கார் புத்தகத்தில் மாற்றச் சொல்லியிருக்கிறது என்றேன். "புத்தகத்த விட்டா இவளுக்கு வேற சாட்சியே கிடையாது" என்று இருவரும் முதல் முறையாக ஒன்றுபட்டார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா கடைசியில் மனம் இளகி, "சரி, புதுசையே போட்டுத் தொலைக்கிறேன்" என்று எழுந்தார். அத்தை, இதை நன்றாகக் கவனியுங்கள்: அவர் சம்மதித்துவிட்டார். அந்த இடத்தில் இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அம்மாவை உங்களுக்குத் தெரியும். கடையிலிருந்து வருவது எதுவாயிருந்தாலும் அவள் கண்ணுக்கு அது அழுக்கு. புது சோப்பையே ஒருமுறை கழுவிவிட்டுத்தான் குளிக்க எடுத்துப் போவாள். அப்பா போல்ட் உறையைத் தேடிக்கொண்டு சமையலறைக்குப் போனபோது, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு விரித்து, அதன் மேல் எட்டு போல்ட்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"எல்லாத்தையும் ஒண்ணாக் கழுவி வச்சுட்டேன்" என்றாள் அம்மா. "உங்க பழச நல்லாத்தான் தேச்சிருக்கீங்க. புதுசுலதான் என்னமோ நீலமா சாயம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. லேசுல போகல. முக்கா மணி நேரம் தேச்சேன்."

அப்பாவின் முகத்தை நான் வருணிக்கப் போவதில்லை. நாற்காலியைத் தேடாமலே உட்கார்ந்தார். நல்லவேளையாக அங்கே ஒரு நாற்காலி இருந்தது.

"அது சாயம் இல்லம்மா" என்றேன் நான். "பசை. கழலாம பிடிக்கிற பசை."

"பசைன்னா உறை மேல எழுதியிருக்க வேண்டியதுதானே? நான் என்ன ஜோசியமா பாத்தேன்?"

"எது புதுசு?" என்றார் அப்பா, மிக மெதுவாக.

அம்மா குனிந்து பார்த்தாள். இந்தப் பக்கத்து நாலு என்று நினைத்ததாகச் சொன்னாள். பிறகு, துண்டை ஒருமுறை உதறிப் போட்டது நினைவுக்கு வந்ததாகவும் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அப்பா பரணிலிருந்து தன் பழைய சோதனைத் தராசை இறக்கி எட்டையும் நிறுத்தார்: எல்லாம் தலைக்கு எழுபது கிராம். பிறகு நீளம் அளந்தார். ஒன்று மட்டும் மயிரிழை நீளம். இழுபட்டு நீண்டிருக்கிறது, ஆகவே பழசு என்றார் அப்பா. தேயாமல் முழுசாக இருக்கிறது, ஆகவே புதுசு என்றாள் அம்மா. இரண்டும் கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. பல் டாக்டர் இறங்கி வந்து, வாயைத் திறக்கச் சொல்லாத குறையாக ஒவ்வொன்றையும் சிறு கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இதைக் கண்ணால் சொல்ல முடியாது, எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்று தன் மருத்துவமனைக்கு எடுத்துப் போனார். அங்கே கன்னம் வீங்கிய ஒரு பெரியவர் முறைக்காகக் காத்திருக்க, எங்கள் எட்டு போல்ட்களுக்கும் படம் எடுத்தார்கள். சாயங்காலம் படத்தைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "எதுலயும் சொத்தை இல்ல சார். ஆனா வயசு சொல்ல முடியல. பல்லா இருந்தா சொல்லியிருப்பேன்." அந்தப் படம் இப்போது கூடத்து ஜன்னலில் தொங்குகிறது. திரைச்சீலைக்குப் பதில் அதுவாவது இருக்கட்டும் என்று அம்மா மாட்டிவிட்டாள்.

இதற்குள் நான் வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமை நெருங்கிவிட்டது. 'வாகனப் பழுது காரணமாக' என்று காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று வாரம் அவகாசம் கொடுத்து, இனிமேல் நீட்டிப்பு கிடையாது, வராவிட்டால் பட்டியலில் அடுத்தவரை அழைப்போம் என்று பதில் வந்தது. அந்தக் கடைசி நாள் வருவது நாளை அல்ல, நாளைக்கு அடுத்த திங்கட்கிழமை.

பதில் வந்த அன்று அம்மாவே போய்த் தெருமுனை மெக்கானிக்கைக் கூட்டி வந்தாள். அவர் கையில் தேநீர்க் குவளையோடு வந்து, துண்டின் மேலிருந்த எட்டையும் பார்த்தார், ஜன்னலில் தொங்கிய படத்தையும் பார்த்தார். அப்பா கௌரவத்தை விட்டுக்கொடுக்காமல், "சும்மா ஒரு அபிப்ராயத்துக்குத்தான் கூப்பிட்டோம்" என்றார்.

"எட்டையும் தூக்கிப் போட்டுட்டு வேற நாலு வாங்குங்க சார்."

"எட்டையுமா?"

"புதுசுலயும் பசை போயிடுச்சு, பழசு எதுன்னும் தெரியல. வேற வழி?"

"உங்க கடையில இந்த மாதிரி கலந்துபோனா என்ன பண்ணுவீங்க?"

"எங்க கடையில கலக்காது சார். கழட்டின உடனே பழச ஓரமா வீசிடுவோம். இப்படித் தேச்சுக் குளிப்பாட்டிப் பத்திரமா வைக்கிறதெல்லாம் படிச்சவங்கதான்."

அப்பா விடவில்லை. இரும்பின் தன்மை, இழுவை, இறுக்கம் என்று ஆரம்பித்தார். மெக்கானிக் குவளையைக் கீழே வைத்தார். "சார், நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கலாம். பழசப் போட்டு வருஷக்கணக்கா ஓட்டுறவங்களும் இருக்காங்க, நான் இல்லன்னு சொல்லல. ஆனா உங்க பொண்ணு தனியா மலை இறங்கப் போகுது. பதினேழு கொண்டை ஊசி வளைவு. நீங்க தராசுல மயிரிழை பிசகுனாலே முத்திரை குத்த மாட்டீங்களாமே, தெருவே சொல்லுது. இதுக்குக் குத்துவீங்களா?"

அப்பா எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு படுத்துவிட்டார் என்று நினைத்தோம். காலில் ஷூ மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். "கடை மூடுறதுக்குள்ள போய்ட்டு வந்துடறேன்" என்று மட்டும் சொன்னார்.

கடைக்காரர், "இருந்த நாலையும் உங்களுக்குத்தானே சார் குடுத்தேன். என்ன பண்ணீங்க?" என்று கேட்டிருக்கிறார். "கழுவிட்டோம்" என்று அப்பா சொன்னாராம். புதிதாக வரவழைக்கப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று தெரிந்தது. வீட்டிலிருந்த எட்டும் பிஸ்கட் டப்பாவுக்குப் போயின. உள்ளே அப்பா ஒரு சீட்டு வைத்திருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு, ஏன், அதற்கு முன்பும்கூட, அவர் இப்படி எழுதி நான் பார்த்ததில்லை: 'எட்டு. இவற்றுள் நான்கு புதியவை. எவை என்று சரிபார்க்க இயலவில்லை.'

போன வியாழக்கிழமை உறை வந்தது. அம்மாவுக்கு அதைத் தூரத்திலிருந்தே காட்டினார். "கண்ணால பாரு. கையால தொடாத." பிறகு பீரோவில் தன் பழைய முத்திரைகளோடு வைத்துப் பூட்டி, சாவியைக் கடிகாரத்தின் மேல் வைத்தார். சாவி கடிகாரத்தின் மேல்தான் இருக்கும் என்பது எங்கள் மூவருக்கும் மாடி டாக்டருக்கும் தெரியும். இருந்தாலும் பூட்டுவது ஒரு மரியாதை. இறுக்கம் சரியானதும் 'டக்' என்று சொல்லும் ஸ்பேனரைச் சனிக்கிழமை இரவல் தருவதாக மெக்கானிக் சொல்லியிருந்ததால் அதுவரை காத்திருந்தோம். நேற்றுச் சனிக்கிழமை காலை ஸ்பேனர் வந்தது. அப்பா பழைய கால்சட்டை போட்டுக்கொண்டு பீரோவைத் திறந்தார். உறை இல்லை.

பிறகு நடந்ததை விசாரணை என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா மேசை போட்டு, நோட்டு வைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அம்மா, "நான் எடுத்துக் கழுவியிருந்தா கழுவின இடத்துல ஈரம் இருக்கும்ல? போய்த் தொட்டுப் பாருங்க!" என்றாள். ஈரம் இருந்தது, அது காலையில் பாத்திரம் தேய்த்த ஈரம் என்றாள். மாடி டாக்டர் வியாழக்கிழமை சாயங்காலம் ஏணி கேட்டு வந்ததை ஒப்புக்கொண்டார், மற்றதை மறுத்தார், பல் கூச்சம் வந்தால் இனி வேறு டாக்டரைப் பார்க்கும்படி சொல்லிவிட்டு மாடியேறினார். அப்பா என்னிடம் "நீ பாத்தியாம்மா?" என்றார். "நான் படிச்சிக்கிட்டு இருந்தேன்ப்பா" என்றேன். 'மகள்: படித்துக்கொண்டிருந்தார்' என்று எழுதிக்கொண்டார். அதே கேள்வியை என்னிடம் மட்டும் மூன்று முறை கேட்டார். வயதாகிவிட்டது, கேட்டது மறந்துபோகிறது போலிருக்கிறது. அம்மா நேற்று மத்தியானத்திலிருந்து அவரோடு பேசவில்லை. 'சாப்பிட வரச் சொல்லு உங்கப்பாவ' என்று என்னிடம் சொல்கிறாள். அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஆக, அத்தை, நிலைமை இது. ஒரு பிடிவாதக்காரர், ஒரு சுத்தக்காரி, ஒரு பல் டாக்டர், இவர்களுக்கு நடுவில் என் வேலை போகப் போகிறது. நான் மூன்று வாரமாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நிற்கிறேன். என்னைப் போக விடாமல் இந்த வீடு முழுவதும் சதி செய்கிறது. உங்களால் மட்டும்தான் இதைத் தீர்க்க முடியும். உங்கள் ஊர்க் கடையில் இதே காருக்கான நாலு போல்ட் வாங்கி, என் பெயருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள்; வெள்ளிக்கிழமைக்குள் வந்தால்கூடப் போதும். உறை மேல் 'கழுவக் கூடாது' என்று பெரிதாக எழுதுங்கள். அப்பாவுக்குத் தனியாக ஒரு வரி, 'மாத்துடா' என்று எழுதுங்கள். அம்மாவுக்குப் போன் செய்து, அவள் திருடவில்லை என்று நீங்கள் நம்புவதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கண் சீக்கிரம் தெளிந்து, இந்தக் கார் மலை தாண்டி உங்கள் வாசலில் வந்து நிற்பதை நீங்களே பார்க்க வேண்டும். அங்கிருந்தே என் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். நான் குனிந்துகொண்டுதான் எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் தனித்தனியாக உங்களை விசாரித்தார்கள்.

என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத
மருமகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் கம்பி வளைந்தது, எக்ஸ்ரே எடுத்தது எல்லாம் உண்மை. உறையை எடுத்தது நான்.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா குளிக்கப் போயிருந்தாள், அப்பா கண்ணயர்ந்திருந்தார். கடிகாரத்தின் மேலிருந்து சாவியை எடுத்தேன். உறையைக் கொண்டுபோய், ஊருக்குக் கட்டி வைத்த பெட்டிக்குள் என் புது ஷூவில் செருகினேன். ஏன் என்று கேட்பீர்கள். மூன்று வாரமாக நான் போகாமல் இருப்பதற்கு அப்பா காரணமாக இருந்தார், அம்மா காரணமாக இருந்தாள், கடைக்காரர்கூட இருந்தார். அந்த உறை வந்த அன்று, பழி போட எனக்கு ஆள் இல்லாமல் போயிற்று. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எனக்குப் பயமே இல்லை, அத்தை. தாளில் மலை கிடையாது. உங்கள் காரை நான் ஓட்டிய அதிகபட்ச தூரம், நம் தெருமுனையிலிருந்து பெட்ரோல் பங்க் வரை; அங்கேயும் திருப்ப முடியாமல் ஒருவர் திருப்பிக் கொடுத்தார்.

கடிதத்தை மடித்தபோது, அம்மாவைப் பற்றி எழுதிய வரி கண்ணில் பட்டது. உறையைத் திருப்பி வைத்துவிடலாம், பீரோவின் பின்னால் விழுந்திருந்ததாகச் சொல்லிவிடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். ஷூவுக்குள் உறை இருந்தது. உறைக்குள் நாலு போல்ட்டும் நீலப் பசையோடு இருந்தன. கூடவே ஒரு சீட்டு.

'பெட்டியின் எடை 280 கிராம் கூடியிருந்ததால் திறந்து பார்க்கப்பட்டது. போல்ட் நான்கு. நான்கும் புதியவை. சரிபார்க்கப்பட்டது. உரியவர் கேட்கும்போது பொருத்தப்படும்.' கீழே கையெழுத்து. தேதி வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை, அத்தை. விசாரணை நடந்தது சனிக்கிழமை. மேசை போட்டது, நோட்டு வைத்தது, அம்மாவின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தது, டாக்டரைக் கோபித்துக்கொண்டு போகச் செய்தது, எல்லாம் தெரிந்தே செய்திருக்கிறார். என்னிடம் மூன்று முறை கேட்டது மறதியில் இல்லை.

இப்போது வாசலில் உட்கார்ந்து அந்த 'டக்' ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். காலையிலிருந்து துடைக்கிறார். நான் போய்க் கேட்கப் போகிறேன். முதலில் அம்மாவிடம் சொல்லிவிட்டு, பிறகு அவரிடம். ஆகவே நீங்கள் போல்ட் வாங்க வேண்டாம், 'மாத்துடா' எழுத வேண்டாம். வெள்ளிக்கிழமை வரை பதினேழு வளைவுகளில் முதல் இரண்டை மட்டும் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏறி இறங்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

இவ்வளவும் ஆன பிறகு மேலே இருக்கும் பக்கங்களைக் கிழித்துவிட்டு, உண்மையை மட்டும் வைத்துப் புதிதாக ஒரு கடிதம் எழுதுவதுதான் முறை. எழுதத் தாளும் எடுத்தேன். பிறகு பழசை ஒருமுறை படித்துப் பார்த்தேன்.

நல்லாத்தானே இருக்கு.